வருஷங்கள் யார் கணக்கில் ஏறும்? வேலூர்ப் பக்கம் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்ய நினைப்பவர்களுக்கு

போன மாதம் அக்கா மகள் லத்தேரியிலிருந்து வந்திருந்தாள். பி.காம். முடித்து ஒரு வருஷம் ஆகிறது, வயது 22. "சித்தி, எனக்கு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரப் புடிக்கல. குழந்தைங்களோட இருக்கிற வேலை எதுனா சொல்லு. நீ எட்டு வருஷம் எல்.கே.ஜி. எடுத்தியே" என்றாள். கையில் மூன்று காகிதங்கள். ஒன்று, பேக்கரி மாடியில் நடக்கும் 'ஆறு மாத மாண்டிசோரி டிப்ளமோ' நோட்டீஸ். இன்னொன்று, அங்கன்வாடி ஆள்சேர்ப்பு பற்றி வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதை பிரின்ட் போட்டது. மூன்றாவது, ஒரு தனியார் பள்ளி 'நேரில் வரவும்' என்று கொடுத்திருந்த விளம்பரத்தின் துண்டு.

அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகுதான் ஒழுங்காக யோசித்தேன். இதே கேள்வியோடு எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "குழந்தைங்கன்னா பிடிக்குமா?" பிடிக்காதவர் இந்தப் பக்கமே வரப்போவதில்லை. அதனால் அந்தக் கேள்வியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சம்பளத்தை வைத்துப் பார்த்தாலும் முதல் இரண்டு வருஷத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, அநேகமாக எல்லா வழியிலும் தொடக்கம் சொற்பம்தான். நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான். நீங்கள் போடும் வருஷங்கள் எந்தக் கணக்கில் ஏறுகின்றன? வேலையை விட்டுக் கிளம்பும்போதோ, கல்யாணமாகி ஆம்பூருக்கோ ஆரணிக்கோ போகும்போதோ, கையோடு என்ன வரும்?

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2013 ஜூனில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராகச் சேர்ந்தேன். மாதம் 4,500 ரூபாய். என் வகுப்பில் 38 பிள்ளைகள், இரண்டு மின்விசிறி, இரண்டு வகுப்புக்கும் சேர்த்து ஒரே ஆயாம்மா. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு 20 பேருக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்று அதே 2013-ல் வந்த தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை சொல்கிறது. அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. முதல் வாரம் ஒரு பையன் கதவருகே நின்றுகொண்டு "பூக், பூக்" என்று ஓயாமல் அழுதான். புக் கேட்கிறான் என்று நினைத்து ஒரு படப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன், தூக்கி எறிந்தான். வேறொன்று கொடுத்தேன், அதுவும் பறந்தது. ஆயாம்மாதான் வந்து, "டீச்சர், அவன் வீட்ல உருது. பசிக்குதுன்றான்" என்றார். டப்பாவைத் திறந்து இட்லியைப் பிட்டுக் கொடுத்ததும் அழுகை நின்றுவிட்டது. அன்று ராத்திரியே பக்கத்து வீட்டு அம்மாவிடம் பத்து உருதுச் சொல் எழுதி வாங்கினேன்: பசி, தண்ணீர், வலி, தூக்கம், அம்மா வந்துவிடுவாள். வேலூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு எந்தப் பயிற்சி நிலையமும் இதைச் சொல்லித் தருவதில்லை. குடியாத்தம், காட்பாடி எல்லையோரக் கிராமங்களானால் பட்டியலைத் தெலுங்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் எல்.கே.ஜி., யு.கே.ஜி., விளையாட்டுப் பள்ளிகளுக்கு 2022 பிப்ரவரி 16-ல்தான் கதவு திறந்தது. எல்லா வகுப்புகளுக்கும் கடைசியாக. எனக்கு முதலில் அரைச் சம்பளம், அப்புறம் ஆன்லைன் வகுப்புக்கு மட்டும் ஒரு தொகை, அப்புறம் அதுவும் இல்லை. அதே நாட்களில் எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர் முகக்கவசத்தோடு வீடு வீடாக அரிசி, பருப்பு, முட்டை கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அலைச்சல் அதிகம், பயமும் அதிகம். ஆனால் மாதா மாதம் அவர் கணக்கில் சம்பளம் விழுந்தது. இரண்டு பேரும் அதே வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்தவர்கள்தான்.

2021 ஜூனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசியாக வாங்கியது 9,000 ரூபாய். கையில் வந்தது ஒரு அனுபவச் சான்றிதழ். அடுத்துப் போய்க் கேட்ட பள்ளியில் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, "புதுசா சேர்றவங்களுக்கு ஏழாயிரம்தான்" என்றார்கள். பிறகுதான் ஒன்று தெரியவந்தது. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை, அதாவது வேலையை விடும்போது தர வேண்டிய கிராஜுவிட்டி, உண்டு. பணிக்கொடைச் சட்டத்தில் 2009-ல் கொண்டுவந்த திருத்தம் அது, 1997-லிருந்தே முன்தேதியிட்டுச் செல்லும். அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் உறுதி செய்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் பள்ளியில் ஐந்து வருஷம் முடித்திருந்தால் போதும். கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, வருஷங்களால் பெருக்க வேண்டும். எனக்கு 9,000, எட்டு வருஷம்: 41,538 ரூபாய். அந்தப் பணம் என் பேரில் இருந்தது என்றே தெரியாமல் வந்துவிட்டேன். தனியார் பள்ளிக்குப் போகிறவர்களை நான் தடுக்கவில்லை. சேருகிற அன்றே நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். எண் மூன்றையும் கேளுங்கள். தர மறுத்தால், அங்கே உங்கள் வருஷம் கணக்கில் ஏறாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, அங்கன்வாடி.

'அங்கன்' என்றால் முற்றம். மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக் பழங்குடிக் குழந்தைகளை அவர்கள் வீட்டு முற்றத்திலேயே உட்காரவைத்துப் பாடம் நடத்தியதிலிருந்து வந்த பெயர். இந்த மையங்களை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேல் மையங்கள். நம் பக்கம் பாட்டிமார்கள் இன்னும் 'பால்வாடி' என்றுதான் சொல்கிறார்கள்.

2025 ஏப்ரலில் வந்த அறிவிப்பை அடிப்படையாக வைத்துச் சொல்கிறேன். பணியாளருக்கு 12-ஆம் வகுப்புத் தேர்ச்சி, வயது 25 முதல் 35 வரை. கணவரை இழந்தவர், ஆதரவற்றவர், பட்டியலினத்தவர் என்றால் 40 வரை. உதவியாளருக்கு 10-ஆம் வகுப்பு, 20 முதல் 40. பணியாளருக்கு முதல் 12 மாதம் தொகுப்பூதியமாக 7,700 ரூபாய், அதன் பிறகு 7,700 முதல் 24,200 வரையிலான சிறப்புக் காலமுறை ஊதியம். உதவியாளருக்கு 4,100-ல் தொடங்கி 12,500 வரை. அதே ஊராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து ஊர், 10 கிலோமீட்டருக்குள். இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. கல்யாணமாகி வந்த ஊரின் முகவரியில் ரேஷன் அட்டையும் ஆதாரும் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொன்று, 2019 நவம்பர் 28-க்குப் பிறகு பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகிவிட்டது. ஆம்பூர்க்காரர் திருப்பத்தூர் மாவட்டத்திலும், ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் ராணிப்பேட்டையிலும்தான் விண்ணப்பிக்க வேண்டும். வேலூர் கலெக்டர் ஆபீஸ் வரை போய்த் திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும்.

7,700 என்பது தனியார் பள்ளி கொடுப்பதைவிட ஒன்றும் பெரிதல்ல. ஆனால் இரண்டாம் வருஷத்திலிருந்து ஏறும், நிற்காது. 2022 ஏப்ரலில் குஜராத் வழக்கு ஒன்றில், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உதவியாளராகச் சேர்ந்து பணியாளரானவர்கள் உண்டு, மேற்பார்வையாளர் வரை போனவர்களும் உண்டு. ஓய்வூதியம் போதாது, பணி நிரந்தரம் வேண்டும் என்று சங்கங்கள் இன்னும் தெருவில் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கின்றன, அதுவும் உண்மை.

வேலை எப்படி இருக்கும் என்று தெரியாமல் யாரும் போக வேண்டாம். 'டீச்சர்' என்று கூப்பிடுவார்கள், ஆனால் பாட்டும் கதையும் நாளில் ஒரு பங்குதான். எங்கள் தெரு மையத்தில் ஒருநாள் காலை உட்கார்ந்திருந்தேன். உத்தரத்தில் தொங்கும் தராசில், கால்சட்டை மாதிரித் தைத்த துணியில் ஒரு குழந்தையை நுழைத்துத் தொங்கவிட்டார். அது காலை உதறியதில் முள் ஆடிக்கொண்டே இருந்தது. டீச்சர் வாயால் குருவிச் சத்தம் எழுப்பினார். குழந்தை அண்ணாந்து பார்த்த அந்த ஒரு நொடியில் முள் நின்றது, எடையைப் படித்துவிட்டார். வளர்ச்சி அட்டையில் புள்ளி மஞ்சளில் விழுந்தது. பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் எடை குறைவு, ஆரஞ்சு என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். தாயைக் கூப்பிட்டு, திட்டாமல், மூன்று வேளையும் என்ன கொடுக்கிறாய் என்று கேட்டார். நடுவில் உதவியாளர் அடுப்படியிலிருந்து, முட்டை எத்தனை வேகவைப்பது என்று குரல் கொடுத்தார். அந்த அரைமணி நேரத்தில் இருந்த திறமைக்கு எந்தப் படிப்பிலும் பெயர் இல்லை.

அதற்கு மேல் போன் வேலை. எடை, வருகை, சத்துணவுக் கணக்கு வைக்கும் அரசுச் செயலியான போஷான் டிராக்கரில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். கர்ப்பிணிக்குச் சத்துமாவு கொடுப்பதற்குக்கூட முகத்தைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் அந்தப் பெண் வெயிலில் நின்றுகொண்டே இருப்பாள். அணைக்கட்டுக்கு மேலே மலைக் கிராமங்களில் இது தினப்படிக் கதை. தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலையும் தலையில் விழும். பள்ளிக்கூடக் கணக்கு லீவும் கிடையாது.

எங்கள் தெருவில் கேட்ட இரண்டு பேரில் ஒருவருக்கு 31 வயது. பிளஸ் டூ முடித்தவர், கணவர் ஓட்டுநர், சொந்த ஊரை விட்டு அசைய முடியாது. அவருக்கு நான் யோசிக்காமல் சொன்னது அங்கன்வாடி. அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும், அது எப்போது என்று ஜோசியக்காரனைத்தான் கேட்க வேண்டும். ஆனால் வயது வரம்பு அவருக்கு இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. அக்கா மகளுக்கோ 25 ஆக இன்னும் மூன்று வருஷம். உதவியாளர் இடத்துக்கு வேண்டுமானால் இப்போதே போடலாம். சொன்னேன். "இன்னா சித்தி, பி.காம். படிச்சிட்டு நாலாயிரத்து நூறா?" என்றாள். நியாயமான கேள்விதான்.

அரசுப் பள்ளி வளாகத்து எல்.கே.ஜி., யு.கே.ஜி. பற்றியும் கேட்டாள். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளிகளில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் தொடங்கினார்கள். 2022-ல் அதற்குத் தற்காலிகச் சிறப்பாசிரியர்களை எடுத்தபோது நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 5,000. ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கே இந்தக் கதி. பக்கத்துப் பள்ளியில் இடம் இருந்து, வீட்டில் வேறு வருமானமும் இருந்தால் பழகிக்கொள்ளப் போகலாம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தொடக்கக் கல்விப் பட்டயம் வேறு மாதிரி. இரண்டு வருஷம். நம் பக்கத்துக்கு ராணிப்பேட்டையில் மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குப் பாடம் நடத்த இதுதான் தகுதி. பி.எட். படித்தவர்கள் அந்த வகுப்புகளுக்கு வர முடியாது என்று 2023 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் இந்தப் பட்டயத்துக்கு மறுபடி மதிப்பு கூடியிருக்கிறது. படித்து முடித்து, தகுதித் தேர்வின் முதல் தாளில் தேறி, அதன் பிறகு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். கிடைத்துவிட்டால் இடைநிலை ஆசிரியர், அடிப்படை ஊதியம் 20,600-ல் தொடங்குகிறது. இந்தப் பட்டியலில் அதைத் தொடக்கூடிய தொடக்கச் சம்பளம் வேறு கிடையாது. ஆனால் பல வருஷ இடைவெளிக்குப் பிறகு 2024-ல்தான் தேர்வு வைத்தார்கள். முதலில் 1,768 இடம், பின்னால் 2,768 ஆக்கினார்கள். அடுத்தது எப்போது என்று தெரியாமல் பயிற்சி முடித்தவர்கள் எத்தனை பேர் தனியார் பள்ளியில் எனக்குப் பக்கத்து வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்! அதோடு, கையில் வருவது ஆறு வயதுப் பிள்ளைகள். மூன்று வயதோடுதான் இருக்க வேண்டும் என்றால் இந்த வழி சுற்றுவழி.

பேக்கரி மாடி நோட்டீஸுக்கு வருகிறேன். மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தியவர். போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளோடு வேலை செய்தவர். அவர் முறையை முறையாகப் படிக்க வேண்டுமென்றால் மாதக்கணக்கில் நேரில் போய், அந்தக் கருவிகளைக் கையில் எடுத்து, பிள்ளைகள் எதிரில் உட்கார்ந்து பழக வேண்டும். சென்னைக்குப் போய்த் தங்கிப் படிக்கிற வசதி இருந்தால் நல்ல படிப்பு. அந்தச் சான்றிதழை மதிக்கும் பள்ளிகள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரில். ஆனால் 'மாண்டிசோரி' என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதலாம், எழுதுகிறார்கள். நோட்டீஸில் இருந்த எண்ணுக்கு நானே போன் போட்டேன். ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சிலின் (என்.சி.டி.இ.) அங்கீகாரம் உண்டா என்று கேட்டதற்கு, "ஐ.எஸ்.ஓ. இருக்கு மேடம்" என்றார் அந்தப் பையன். அது ஆசிரியர் படிப்புக்கான அங்கீகாரமே இல்லை. வெறும் சான்றிதழுக்காகத்தான் என்றால், இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விப் பட்டயம் இருக்கிறது. பிளஸ் டூ போதும், ஒரு வருஷத்தில் முடிக்கலாம். அதை வைத்து ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் ஆக முடியாது, ஆனால் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கும், பாடப் புத்தகங்களும் உருப்படியானவை.

சொந்தமாகக் குழந்தைக் காப்பகம் வைப்பதைப் பற்றி என்னைவிட யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் நான் இப்போது செய்வது அதைத்தான். சத்துவாச்சாரியில் ஒரு கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். பத்துப் பிள்ளைகள். பாதிப் பேரின் அம்மாக்கள் நர்ஸ், மீதிப் பேர் கல்லூரியிலும் வங்கியிலும் வேலை. தலைக்கு 4,000 என்றால் மாதம் 40,000 வரும். வாடகை 12,000, உதவிக்கு இருக்கிற அக்காவுக்கு 8,000, மின்சாரம், பால், பழம், பினாயில் என்று 5,000. மிச்சம் 15,000. மே மாதம் பாதிப் பேர் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஆனால் வீட்டுக்காரருக்கு மே மாதமும் மாதம்தான். வேலூர் வெயிலில் ஏசி இல்லாமல் மதியம் பிள்ளைகள் தூங்காது. அந்தக் கட்டணச் சீட்டைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது.

'பிளே ஸ்கூல்' என்று போர்டு மாட்டினால் கல்வித் துறை அங்கீகாரம் வேண்டும். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் அதற்குள் அடக்கம். அலைய வைக்கிறார்கள் என்று புலம்பத் தோன்றும், நானும் நான்கு மாதம் அலைந்தேன். 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனதை நினைத்தால் புலம்பல் அடங்கிவிடும். 30 பிள்ளைகளுக்கு 35 சதுர மீட்டர் வகுப்பறை, வெளியே 30 சதுர மீட்டர் விளையாட்டு இடம் என்பது தேசியக் கொள்கை சொல்லும் அளவு. வீடு பார்க்கப் போகும்போது டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். என் வருஷங்கள் என் கணக்கில்தான் ஏறுகின்றன, ஆனால் அந்தக் கணக்கில் பணம் போடுவதும் நான்தான். தபால் ஆபீஸ் ஆர்.டி. ஒன்றுதான் எனக்கு ஓய்வூதியம். 22 வயதில், கையில் முதல் இல்லாமல், பிள்ளை வளர்த்த அனுபவமும் இல்லாமல் இதற்குள் இறங்க வேண்டாம். தெருவில் கேட்ட இரண்டாவது பெண்மணிக்கு 45 வயது, கீழ்ப் போர்ஷன் சொந்தம். அவர் தொடங்கட்டும், நான் போய் நின்று உதவுகிறேன்.

இதிலேயே அதிகம் பேசப்படாத ஒரு கிளை, தொழிற்சாலைக் காப்பகம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலை செய்கிறார்கள். 50 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள், 1976-ல் அதை 30 ஆகக் குறைத்தார்கள். 2017-ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம், 50 பேர் வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் அதை விரித்தது. தாய் ஒரு நாளில் நான்கு முறை வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். சட்டத்தில் இருப்பதற்கும் ஷெட்டில் இருப்பதற்கும் தூரம் உண்டு. ஆனால் ஒழுங்காக நடத்தும் கம்பெனியில் காப்பகப் பணியாளராகச் சேர்ந்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் இருக்கும். கம்பெனி மாறினாலும் பி.எஃப். எண் மாறாது, பத்து வருஷம் சேர்ந்தால் அந்த ஓய்வூதியத்துக்குத் தகுதி வரும். 'டீச்சர்' என்ற பெயர் கிடைக்காது. அதற்காகவே பலர் இதை ஒதுக்குகிறார்கள், எனக்கு அது புரிந்ததில்லை.

இத்தனையும் யோசித்த பிறகு, அக்கா மகளின் காகிதங்களில் இல்லாத ஒன்றைத்தான் அவளுக்குச் சொன்னேன்: சிறப்புக் கல்வி.

2017-ல் என் வகுப்பில் ஒரு பையன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கிரயான் டப்பாவைக் கொட்டி, நீளவாக்கில் ஒன்றன் பின் ஒன்றாகச் சுவர் வரை அடுக்குவான். யாராவது ஒன்றை எடுத்தால் தரையில் விழுந்து அலறுவான். அவன் அம்மா வாசலில் நின்று, "வீட்லயும் இப்படித்தான் டீச்சர், பயமா இருக்கு" என்றபோது நான் சொன்னது: "ஆம்பளப் பசங்களுக்குப் பேச்சு லேட்டாதான் வரும், கவலப்படாதீங்க." எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். அவர்கள் சி.எம்.சி.க்குப் போனது ஒன்றரை வருஷம் கழித்து. அங்கே குழந்தை வளர்ச்சிக்கென்றே தனித் துறை இருக்கிறது, எங்கெங்கிருந்தோ ரயிலேறி வருகிறார்கள். நான் இருந்ததோ ஊருக்குள்ளேயே. அந்த ஒன்றரை வருஷத்துக்கு நான் மட்டும் பொறுப்பில்லை. ஆனால் தினமும் ஐந்து மணி நேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தான்.

சிறப்புக் கல்விப் பட்டயம் இரண்டு வருஷம். பிளஸ் டூவில் 50 சதவீதம் வேண்டும். 1992 சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்பதை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். முடித்ததும் கவுன்சிலில் பதிந்து உங்கள் பேரில் ஒரு எண் வாங்கலாம். நான் தேடிக்கொண்டிருந்த கணக்கு அதுதான். கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனாலும், எந்த நிறுவனம் மூடினாலும் அந்த எண் கூடவே வரும். அவ்வப்போது தொடர் பயிற்சிக்குப் போய்ப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். என்.சி.டி.இ. 2010-ல் வெளியிட்ட விதிப்படி, தகுதித் தேர்வில் தேறினால் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கான தகுதிகளில் இதுவும் ஒன்று. ஆக, ஒரே படிப்பில் இரண்டு கதவு.

தேவையும் கூடிக்கொண்டு வருகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது, அதில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. தொடக்கப் பள்ளிகளில் இத்தகைய பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. 2025 மார்ச்சில் அதற்கான பணியிடங்களை அறிவியுங்கள் என்று மாநிலங்களை அவசரப்படுத்தியது. உடனே நிரந்தர வேலை வரும் என்று நம்பிப் போகக் கூடாது. இப்போது அரசுத் திட்டங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். தனியார் சிகிச்சை மையங்களிலும் தொடக்கச் சம்பளம் சின்னதுதான். ஆனால் எல்.கே.ஜி. டீச்சருக்குப் பதிலாக நாளைக்கே வேறொருவரை உட்காரவைத்துவிடலாம். மூன்று மாதம் பழகி ஒரு பிள்ளையைப் பெயருக்குத் திரும்பவைத்தவரை அப்படி மாற்ற முடியாது. பெற்றோர் விடமாட்டார்கள்.

கஷ்டம் என்ன என்பதையும் சொன்னேன். கடி வாங்குவாய். ஒரு வாரம் கற்றுக்கொண்டதை அடுத்த வாரம் மறந்துவிடும். "எப்போ சரியாகும்?" என்று கேட்கிற அப்பாவுக்குப் பொய்யும் சொல்லக் கூடாது, மனசையும் உடைக்கக் கூடாது. பிள்ளைகளோடு ஓடி ஆடிப் பாடுவது மட்டும்தான் வேண்டுமென்றால் இது வேண்டாம். பேசாமல் மூன்று வருஷம் பொறுத்து அங்கன்வாடிக்குப் போடு. முட்டுக்காட்டில் பன்முக ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சேருவதற்கு முன்னால் அங்கேயோ இங்கே ஏதாவது ஒரு மையத்திலோ ஒரு நாள் முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வா என்றேன்.

போன வாரம் ஒரு மையத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாள். சாயந்திரம் போன் செய்தாள், அதிகம் பேசவில்லை. "சித்தி, ஒரு பாப்பா என் துப்பட்டா நுனியப் புடிச்சிக்கினு மூணு மணி நேரம் விடல" என்றாள். போவதா இல்லையா என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ராத்திரி அக்காவிடமிருந்து போன். "படிச்ச பொண்ணு, எதுக்குடி அந்த மாதிரிப் பசங்களோட போய்க் கஷ்டப்படணும்? நீதான் ஏத்திவிட்டியா?" நான்தான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை லத்தேரிக்குப் போகிறேன். அந்தக் கிரயான் பையன் இப்போது ஏழாம் வகுப்பு. அவன் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், அக்காவோடு போனில் கொஞ்ச நேரம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.